உருகிய உப்பும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

எட்டு மில்லிமீட்டர் டேப் போட்ட துளை. மறுபக்கம் திறக்காமல் பாதியிலேயே நின்றுவிட்ட துளை. அதன் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துணியால் துடைத்தாலும் போகாது. ஒரு சொட்டு என்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். அந்தத் துளையுள்ள ஜாப்பை, அதாவது கடைந்து முடித்த இரும்புத் துண்டை, 850 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் உப்புக்குள் இறக்கினால் அந்தச் சொட்டு ஆவியாகி, மேலும் சூடேறி, கால் லிட்டர் இடம் கேட்கும். துளையின் வாயை அடைத்து நிற்பது கனமான திரவ உப்பு. அதைத் தள்ளிக்கொண்டுதான் ஆவி வெளியேற வேண்டும். அப்படித் தள்ளப்பட்ட உப்பு தொட்டிக்கு முன்னால் கொக்கியைப் பிடித்து நிற்பவரின் கையிலும் முகத்திலும் வந்து விழும்.

ஓசூர்ப் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்டுகளில் வேலை செய்பவர்களுக்கு 'சால்ட் பாத்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எஃகைச் சூடாக்குவதற்கான உருகிய உப்புத் தொட்டி அது. சிப்காட் நிறுவனம் 1971-இல் உருவானது. அது அமைத்த தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளில் ஓசூரும் ஒன்று. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை 1980-இல் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட்டும் இந்த ஊரிலிருந்து சாலைக்கு வந்தது. பின்னர் டைட்டன் வந்தது. இவற்றைச் சுற்றியும், கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரையிலும் சிறு பட்டறைகள் முளைத்தன. கியர், ஷாஃப்ட், பின், ஸ்பிரிங், டை, ட்ரில் எனக் கடையும் பொருள் எதுவாக இருந்தாலும் கடைந்து முடித்ததும் அதைக் கடினப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அது வடிவம் மட்டும் பெற்ற மெத்தென்ற இரும்புதான்.

இந்த மாவட்டத்துக்கு இரும்பு புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டதைத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் கொல்லரும், இஎன்-24 எஃகு ஷாஃப்டை உப்பில் காய்ச்சி எண்ணெயில் முக்கும் இன்றைய ஆபரேட்டரும் செய்வது ஒரே வேலைதான். எஃகை ஏறக்குறைய 727 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அதன் படிக அமைப்பு மாறத் தொடங்குகிறது. தனியாகப் பிரிந்து கிடந்த கார்பன் இரும்புக்குள் கரைகிறது. அந்த நிலையில் சட்டென்று குளிர்வித்தால், அதாவது குவென்ச் செய்தால், கரைந்த கார்பன் பிரிந்துபோக நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இரும்பின் படிகம் கோணி இறுகுகிறது. கடினம் இப்படித்தான் பிறக்கிறது. பிறகு மிதமாகச் சூடாக்கி, அதாவது டெம்பரிங் செய்து, உடையும் தன்மையைக் குறைக்கிறார்கள்.

சாதாரண உலையில் சூடாக்கினால் போதாதா? போதும், ஆனால் காற்று இரண்டு கெடுதல் செய்யும். எஃகின் மேல்தோலை எரித்துச் செதிலாக்கும். மேற்பரப்பிலுள்ள கார்பனைக் கவர்ந்துபோய் அந்த இடத்தை மிருதுவாக்கிவிடும். ட்ரில்லின் வெட்டும் முனையில் இது நடந்தால் அந்த ட்ரில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகவேண்டும். உருகிய உப்பில் மூழ்கிய பொருளைக் காற்று தொடுவதில்லை. உப்பு எல்லாப் பக்கமும் ஒட்டி நின்று வெப்பம் தருவதால், காற்றில் ஆவதைவிடப் பல மடங்கு வேகமாகவும் சீராகவும் சூடு ஏறுகிறது. வெளியே எடுக்கும்போதுகூட மெல்லிய உப்புப் படலம் போர்வைபோல் ஒட்டியிருந்து, குவென்ச் தொட்டிக்குப் போகும்வரை காக்கிறது. வாக்யூம் உலைகள் வந்த பின்னும் உப்புத் தொட்டி ஒழியாமல் இருப்பதற்கு இந்தக் குணங்களும், சிறிய முதலீட்டில் தொடங்க முடிவதும் காரணம்.

'உப்பு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தொட்டிக்குத் தொட்டி சரக்கு வேறு. கடினப்படுத்தும் தொட்டியில் இருப்பவை குளோரைடுகள். சமையலுப்பான சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றோடு, ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு 1,200 டிகிரி வரை போகவேண்டியிருந்தால் பேரியம் குளோரைடும் உண்டு. டெம்பரிங்குக்கும், சூடான குவென்ச்சுக்கும் நைட்ரேட், நைட்ரைட் கலவை. இது 150 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். பொதுவாக 550 டிகிரிக்குக் கீழேதான் இதை வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வகை சயனைடு உப்பு. எஃகின் மேல்தோலுக்குள் கார்பனையும் நைட்ரஜனையும் ஏற்றுவதற்காக இன்னும் சில இடங்களில் பயன்படுகிறது. மூன்றும் பார்வைக்கு வெள்ளை. மூன்றின் ஆபத்தும் வேறு வேறு.

முதலில் தண்ணீர். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கரண்டியை விட்டவர்களுக்கு அது எப்படிச் சீறும் என்று தெரியும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அடியில் இறங்கி அங்கே ஆவியாகி மேலிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறிகிறது. உருகிய உப்பு இதற்கு நேர்மாறு. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ அடர்த்தியானது. அதனால் மேலே விழும் ஒரு துளி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே துள்ளி ஆவியாகிவிடும், கொஞ்சம் தெறிக்கும். இதைப் பார்த்துப் பழகிய ஆபரேட்டருக்கு 'தண்ணி பட்டா பெருசா ஒண்ணும் ஆகாது' என்ற தைரியம் வந்துவிடுகிறது. இந்தத் தைரியத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். தண்ணீரை அடியில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வாகனம் இருந்தால் கதை மாறிவிடும். பாதித் துளை, இரு முனையும் அடைத்த குழாய், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இரண்டு வாஷர்கள், வெல்டிங் இடுக்கு உள்ள ஜிக், கழுவி வைத்த கரண்டி எல்லாமே அப்படிப்பட்ட வாகனங்கள். ஒரு பங்கு தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1,700 பங்கு; 850 டிகிரி வரை சூடேறினால் 5,000 பங்கு.

பரிகாரம் எளிது. உப்பில் இறங்கும் எதுவும் முதலில் 350, 400 டிகிரி உலையில் இருந்து வரவேண்டும். அந்தச் சூட்டில் எந்த இடுக்கிலும் ஈரம் தங்காது. கூலன்ட், எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்து போகும். ஜாப் மட்டுமல்ல, கொக்கி, கூடை, கம்பி, தெர்மோகப்பிள் உறை, புதிதாகப் போடும் உப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உப்பு ஈரம் உறிஞ்சும் சரக்கு. பாதி திறந்த மூட்டையை மழைக்காலத்தில் தரையில் வைத்திருந்து மறுநாள் அப்படியே தொட்டியில் கொட்டுவது தண்ணீரைக் கொட்டுவதற்குச் சமம். மூடிய குழாயில் ஈரமே இல்லாவிட்டாலும் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்கும். அதற்கு வழி வைக்காமல் இறக்கக் கூடாது.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி, தை மாதக் காலைகளில் தகரக் கூரையின் உட்புறம் பனி கோத்து நிற்கும். வெயில் ஏறியதும் சொட்டும். உப்புத் தொட்டிக்கு நேர் மேலே கூரையில் ஓட்டையோ, தண்ணீர்க் குழாயோ, இப்படிச் சொட்டும் இணைப்போ இருக்கக் கூடாது. இதை எந்தப் பாடநூலிலும் தேடவேண்டாம், நிமிர்ந்து பார்த்தால் போதும்.

இரண்டாவது ஆபத்து, உறைந்துபோன தொட்டி. அனுபவமுள்ளவர்களிடம் 'எப்போது பயமாக இருக்கும்' என்று கேட்டால், முழுச் சூட்டில் வேலை ஓடும்போது என்று அவர்கள் சொல்வதில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கும்போது என்பார்கள். காரணம் இயற்பியலில் இருக்கிறது. பனிக்கட்டி உருகினால் சுருங்கும். சோடியம் குளோரைடு உருகினாலோ அதன் கனஅளவு ஏறக்குறைய கால்பங்கு கூடும். தொட்டி முழுவதும் கல்லாக உறைந்திருக்கும்போது அடியிலிருந்து சூடேற்றினால் அடி உருகும், மேல் மூடி கல்லாகவே இருக்கும். அடியில் உருகிய உப்புக்கு இடம் போதாது. அதோடு உறையும்போது சிக்கிய ஈரமும் வாயுவும் சேர்ந்துகொள்ளும். மேல்மூடி எந்த நொடியில் பிளக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிளக்கும்போது சில நூறு கிலோ உப்பு கூரை வரை போகக்கூடும்.

எனவே நிறுத்துவதற்கு முன்பே அடுத்த தொடக்கத்தை யோசிக்க வேண்டும். உப்பு இன்னும் திரவமாக இருக்கும்போதே, மேலே தடித்தும் கீழே கூம்பியும் இருக்கும் இரும்புத் தண்டு ஒன்றை அடிவரை நிறுத்திவிடுவார்கள். உறைந்தபின் அதை அசைத்து உருவினால் அடியிலிருந்து மேல்வரை ஒரு வழி கிடைக்கும். மறுபடி உருகும்போது வாயுவும் விரியும் உப்பும் அந்த வழியில் மேலேறும். சூட்டை மெதுவாக, பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் முதலில் கொடுக்க வேண்டும். மூடி போட்டிருக்க வேண்டும். அருகில் ஆள் நிற்கக் கூடாது. மேலே உறைந்து கீழே உருகியிருக்கும் நிலையில் கடப்பாறையால் குத்தி உடைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. எலக்ட்ரோடு வைத்த தொட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. திட உப்பு மின்சாரம் கடத்தாது, திரவ உப்புதான் கடத்தும். அதனால் ஸ்டார்ட்டர் காயிலோ டார்ச்சோ வைத்து எலக்ட்ரோடுகளுக்கு இடையே முதலில் ஒரு சிறு குளம் உண்டாக்கித்தான் தொடங்க முடியும். பொறுமை இழந்தவர் கை வைக்கும் இடமும் இதுவே.

நம் ஊரில் தொட்டி உறைவதற்குச் சந்தர்ப்பங்கள் தாராளம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில் வரும். ஞாயிறு விடுமுறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஆயுத பூஜை இருக்கிறது. பட்டறை முழுவதையும் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் இட்டு, மாலை போட்டு, சூடம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்பது பார்க்கவே மகிழ்ச்சியான காட்சி. உழைக்கும் கருவிக்கு ஒரு நாள் மரியாதை செய்வதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் உப்புத் தொட்டிக்கு மட்டும் அந்த மரியாதை தள்ளி நின்று நடக்கட்டும். கழுவிய தண்ணீர் தொட்டியின் விளிம்புச் செங்கல்லில் ஊறியிருக்கும். மாலைப் பூ, எலுமிச்சை, பொரி, சூடம் எல்லாமே எரியும் பொருள்கள், நைட்ரேட் தொட்டியில் விழக்கூடாதவை. மறுநாள் விஜயதசமி நல்ல நேரத்தில் முதல் ஜாப் போட்டாக வேண்டும் என்ற அவசரம் வேறு. நல்ல நேரம் காலை 7.30 என்றால் உருக்கும் வேலை முந்தின இரவே, ஈரம் முழுதும் காய்ந்த பின், தொடங்கியிருக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, சிறு விடுமுறைகளில் தொட்டியை உறையவே விடாமல், மூடிபோட்டு, உருகுநிலைக்குச் சற்று மேலே வைத்திருப்பது. மின்கட்டணம் கூடும். ஒரு விபத்துக்கான செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, நைட்ரேட். 2023 அக்டோபர் 7 அன்று ஓசூருக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் பற்றிய தீயை இந்தப் பகுதி மறந்திருக்காது. பதினான்கு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வேலைக்குப் போன இளைஞர்கள். பட்டாசுக்குள் மருந்து எரிய வெளிக்காற்று வேண்டியதில்லை. அதற்கான ஆக்சிஜனை உள்ளேயே வைத்திருப்பது நைட்ரேட் போன்ற உப்புகள். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு நம் வீட்டுப் பெயரே வெடியுப்பு. டெம்பரிங் தொட்டியில் நூற்றுக்கணக்கான கிலோ உருகிக் கிடப்பதும் அதே வெடியுப்புதான். தனியாக இருக்கும்வரை அது எரியாது. எரியக்கூடிய ஒன்றைச் சேர்த்துவிட்டால், ஆக்சிஜனும் எரிபொருளும் ஒரே இடத்தில் சூடாகச் சந்திக்கின்றன. எண்ணெய் வழியும் ஜாப், கந்தைத் துணி, கரித்தூள், உலையில் படிந்த புகைக்கரி எல்லாமே எரிபொருள்தான். மெக்னீசியம் கலந்த உலோகத்தை அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது.

எல்லாவற்றிலும் கொடியது, சயனைடு தொட்டியிலிருந்து எடுத்த ஜாப்பை நேராக நைட்ரேட் தொட்டியில் முக்குவது. அல்லது மூட்டை மாறி ஒன்றில் மற்றொன்றைக் கொட்டுவது. இரண்டும் உருகிய நிலையில் சேர்ந்தால் வெடிக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைப்பதையே தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. முடியாவிட்டால் மூட்டைகளாவது தனித்தனி அறையில், தனித்தனிப் பூட்டில் இருக்கட்டும். சயனைடு அறைப் பக்கம் அமிலம் வரவே கூடாது. பட்டால் கிளம்பும் ஹைட்ரஜன் சயனைடு வாயு நிமிடங்களில் கொல்லும்.

நைட்ரேட்டுக்குச் சூட்டின் எல்லையும் உண்டு. 600 டிகிரியை நெருங்கினால் அது சிதையத் தொடங்கும். இரும்புத் தொட்டியையே தின்னும். அந்த வினையே மேலும் வெப்பம் உண்டாக்கும். ஒரு தெர்மோகப்பிள் பழுதானால் கன்ட்ரோலர் 'இன்னும் சூடாகவில்லை' என்று நம்பி மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டாவது தெர்மோகப்பிளும், முதலாவதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம். தொட்டியின் அடியில் சேரும் வண்டலை அவ்வப்போது அள்ள வேண்டும். வண்டல் படிந்த இடத்தில் வெப்பம் உப்புக்குப் போகாமல் தேங்கி, தகடு பழுத்து ஓட்டை விழும். செம்பழுப்புப் புகை கிளம்பினால் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது என்று பொருள். உடனே வெளியேற வேண்டும். அதைச் சுவாசித்தவர் மாலையில் நன்றாகவே வீட்டுக்குப் போவார். நுரையீரலில் நீர் கோத்து இரவில் மூச்சு திணறுவார். அதனால் 'இப்போ ஒண்ணும் இல்லை சார்' என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும்.

தீ பிடித்தால்? தண்ணீரும் நுரையும் ஆகவே ஆகாது. காற்றைத் தடுத்து அணைக்கும் முறையும் நைட்ரேட்டிடம் செல்லாது, அதற்குத்தான் சொந்த ஆக்சிஜன் இருக்கிறதே. கசிந்து ஓடும் உப்பை உலர்ந்த மணல் கொட்டி அணைகட்டி நிறுத்துவது, எரியும் பொருளை அதன் வழியிலிருந்து அகற்றுவது, ஆட்களை வெளியேற்றுவது. இவ்வளவே செய்ய முடியும். மணல் உலர்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை கை விட்டுப் பாருங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் இந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வந்தவர்கள் நல்லெண்ணத்தில் பீய்ச்சும் தண்ணீரே பேரழிவாகிவிடும்.

நைட்ரேட் மீது பயம் மட்டும் வந்துவிடக்கூடாது என்பதால் ஒன்று சொல்கிறேன். ஸ்பெயின் நாட்டின் அண்டசோல் சூரிய மின்நிலையங்களில் ஒவ்வொன்றிலும் சுமார் 28,500 டன் உருகிய நைட்ரேட் உப்பு, பகல் வெயிலின் வெப்பத்தைச் சேமித்து இரவில் மின்சாரம் தருகிறது. அங்கே அது மூடிய தொட்டிக்குள் இருக்கிறது. எண்ணெய் வழியும் கூடையோடு யாரும் அதன் அருகே போவதில்லை. நம் பட்டறையில் அதே உப்பு திறந்த வாயோடு, மணிக்குப் பத்துமுறை வெளிப்பொருளை வாங்கிக்கொண்டு நிற்கிறது.

எனவே எல்லாம் அந்த வெளிப்பொருளை இறக்குபவரிடம் வந்து நிற்கிறது. இன்று ஓசூரில் அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர் இது. சூப்பர்வைசர் சொல்வதில் பாதி அவருக்குப் புரிவதில்லை. மூட்டையில் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். நைட்ரேட் மூட்டைக்கு ஒரு நிறம், குளோரைடுக்கு ஒரு நிறம், சயனைடுக்கு ஒரு நிறம், தொட்டிக்கும் கரண்டிக்கும் அதே நிறம் என்று பெயின்ட் அடிக்க அரை நாள் போதும். இந்தி, ஒடியா எழுத்திலும் பலகை வைக்கலாம். வேலையிடத்து ஆபத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை என்று 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த உரிமையைத் தருகிறது. அவருக்குப் புரியாத மொழியில் சொன்னது சொன்னதாகாது.

உடை பற்றிச் சுருக்கமாக. முகம் முழுவதும் மறைக்கும் ஷீல்டு, முழங்கைக்கு மேல் வரும் தோல் கையுறை, தோல் ஏப்ரன், பூட்ஸுக்கு மேல் வழியும் பேன்ட். சட்டை பருத்தி. பாலியெஸ்டர் டி-ஷர்ட் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உப்பு பட்டுவிட்டால் தொட்டியை விட்டு விலகி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். தொட்டிக்கு எதிரியான தண்ணீர் உடம்புக்கு நண்பன். அதனால் அந்தக் குழாய் தொட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

பயன்படுத்தி முடிந்த சயனைடு வண்டலும் பேரியம் வண்டலும் சாக்கடைக்கோ காலி மனைக்கோ போகக் கூடாது. அபாயக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். பெங்களூரிலிருந்து நுரை சுமந்து கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணைக்கு நாமும் நம் பங்கைச் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக, ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிலோவுக்கு இவ்வளவு என்று ஜாப் ஒர்க் விலையைக் குறைத்துக் குறைத்துப் பேசி, திங்கட்கிழமை மதியத்துக்குள் மெட்டீரியல் வேண்டும் என்று போனில் நெருக்கினால், அந்த நெருக்கடி போய்ச் சேருமிடம் உறைந்த தொட்டியின் முன் நிற்கும் ஆளிடம்தான். ஹார்ட்னஸ் ரிப்போர்ட் கேட்கிறீர்கள், நல்லது. அதோடு, தொட்டிக்கு இரண்டாவது தெர்மோகப்பிள் இருக்கிறதா, ஜாப்பை முன்சூடாக்க உலை இருக்கிறதா, திங்கட்கிழமை காலையில் உருக்குவதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த நேரத்தை டெலிவரி தேதியில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.